பள்ளத்தில் வாழ்பவனும் பம்பிங் ஸ்டேஷனும்
(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

சாக்கடையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். இது சிரிக்கும் விஷயமல்ல. நகரத்தில் யார் சுகமாக வாழ்வது, யார் வாந்திபேதியில் சாவது என்பதைப் பல சமயம் சாக்கடைதான் தீர்மானித்திருக்கிறது.

வயலில் உழைக்கும் தோழர்களுக்குத் தெரியும்: தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடும், மேட்டுக்கு வரவேண்டுமானால் ஏற்றம் இறைக்க வேண்டும். பாதாளச் சாக்கடையும் அப்படித்தான். கழிவுநீர் தானாக ஓடுவதற்காகக் குழாயைச் சரிவாகப் பதிக்கிறார்கள். சரிவு குறைந்தால் மலமும் மண்ணும் தங்கி அடைத்துக்கொள்ளும். ஆனால் சரிந்துகொண்டே போனால் குழாய் எவ்வளவு ஆழம் போகும்? சென்னையைப் போன்ற சமதரை நகரத்தில் அது கட்டுப்படியாகாத ஆழம். ஆகவே வழியில் ஒரு கிணறு கட்டி, கழிவுநீரை அதில் சேர்க்கிறார்கள். கம்பித் தடுப்பு குப்பையைப் பிடிக்கிறது. மட்டம் உயர்ந்ததும் பம்பு ஓடி, நீரைத் தூக்கி மேலே உள்ள குழாயில் விடுகிறது. அங்கிருந்து மறுபடியும் சரிவிலே ஓட்டம். இதுதான் பம்பிங் ஸ்டேஷன், நகரத்தின் ஏற்றம்!

இந்த ஏற்றம் நின்றால் என்ன ஆகும்? கிணறு நிரம்பும், குழாய் நிரம்பும், பிறகு தாழ்ந்த தெருவின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும். பாசன நீர் கடைமடைக்குக் கடைசியில் வருகிறது. சாக்கடை நீரோ பள்ளத்துக்கு முதலில் வருகிறது! அந்தப் பள்ளத்தில் வாழ்பவர்கள் யார்? பெரும்பாலும் பாட்டாளி மக்கள் அல்லவா?

பணத்தில் கொழித்த லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். காலரா ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கொன்றபோது அவசரப்படாத பார்லிமெண்ட், 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தன் மூக்கிலேயே ஏறியதும் அவசரமாகச் சட்டம் செய்தது. பேசல்ஜெட் என்ற எஞ்சினீயர் பெரும் சாக்கடைகளை அமைத்தார். தென்கரையில் கிராஸ்னஸ் நிலையத்தின் நீராவி எஞ்சின்கள் 1865-இல் ஓடத் தொடங்கின. வடகரையில், கிழக்கு லண்டன் தொழிலாளர் பகுதிக்குத் தேவையான ஏபி மில்ஸ் நிலையம் முடிந்தது 1868-இல்தான். இடையில், 1866-இல், காலரா வந்தது. தண்ணீர்க் கம்பெனி ஒன்று அசுத்தம் கலந்த, வடிகட்டாத நீரைக் குழாயில் விட்டது. கிழக்கு லண்டனில் 5,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். புதிய சாக்கடை வேலை முடிந்திருந்த பகுதிகளோ பெரும்பாலும் தப்பின. வேலை முடியாதிருந்த இடத்திலேதான் பிணங்கள் விழுந்தன!

இன்னொரு பலியும் உண்டு. அடைப்பெடுக்கக் கிணற்றிலும் குழியிலும் இறக்கப்படும் தோழனின் உயிர் அது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு அங்கே தேங்கி நிற்கும். அது அதிகமானால் மூக்கே மரத்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்கியவன் சுருண்டு விழுவான். அவனைத் தூக்கப் போனவனும் விழுவான். இறக்கப்படுவோர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினரே. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி இறக்குவதைத் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. 2023-இல் அதை ரூ.30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருந்தும் சாவு நிற்கவில்லை. காண்ட்ராக்டருக்கு இயந்திரத்தைவிட மனிதன் மலிவாகக் கிடைக்கிறான்!

ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு நிலையத்திலும் மாற்றுப் பம்பு இருக்கட்டும்; மின்சாரம் நின்றாலும் ஓட ஜெனரேட்டர் இருக்கட்டும். அடைப்பெடுக்க இயந்திரம் வரட்டும், மனிதனை இறக்காதே! காண்ட்ராக்ட் முறையை ஒழித்து, அங்கே உழைப்பவரை நிரந்தரமாக்கு! நகர வரவு செலவுத் திட்டத்தில் பள்ளத்துத் தெருவுக்கு முதலிடம் கொடு!

தோழர்களே, தண்ணீர் தானாக மேலே ஏறாது. நம் கோரிக்கையும் அப்படியே. சங்கமாகச் சேர்ந்து நாம்தான் ஏற்ற வேண்டும்!