பத்து வாரம் வந்த ஆசிரியை

(சங்கத்தின் சனிக்கிழமைத் துணைப்பாட வகுப்புத் தொண்டூழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

என்னைப் பேசச் சொன்னார்கள் என்றதும் என் மனைவி சிரித்துவிட்டார். "பருப்பு விலை கேட்டா பேசுவீங்க, படிப்பைப் பத்தி நீங்க என்ன பேசப் போறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். மேடையில் ஏற்றிப் பாராட்டும் மாணவனாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. ஆசிரியர்களுக்குத் தலைவலி கொடுத்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பேச ஆள் வேண்டுமே என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

சார்ஸ் பரவி, பள்ளிகளை மூடித் திறந்த 2003ஆம் ஆண்டு. நான் உயர்நிலை மூன்று, வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேரும் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவுகளே கிடையாது. ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குப் பாடம் நிலை பார்க்கிறார்கள். எங்கள் காலத்தில் எந்தப் பிரிவு என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறும். பன்னிரண்டு வயதில் ஒரு தேர்வு முடிவு சொல்லிவிட்டது, இனி எதற்கு முயல வேண்டும் என்று நான் இருந்துவிட்டேன்.

அந்த ஜூலையில் தேசியக் கல்விக் கழகத்திலிருந்து ஒரு பயிற்சி ஆசிரியை கணிதம் நடத்த வந்தார். இளம் வயது சீனப் பெண். பத்து வாரப் பயிற்சி. இடையில் மேற்பார்வையாளர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பிடுவார். அதில் தவறினால் அவருடைய வேலைக்கே சிக்கல். இது எங்களுக்கும் தெரியும். தெரிந்தால் பிள்ளைகள் இரக்கப்படுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

முதல் வாரம் மிட்டாய். அடுத்து குழு விளையாட்டு. அதற்கடுத்து அதட்டல். நான் எதற்கும் அசையவில்லை. பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலை மேசைக்குப் போய்விடும். "அவன் மேல நேரத்தை வீணாக்காதீங்க" என்று இன்னோர் ஆசிரியர் நடைவழியில் அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

அத்தாவுக்கு ஈரச்சந்தையில் மளிகைக் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். கிலோ தொண்ணூறு காசு வெங்காயம் இரண்டரைக் கிலோ, ஒரு வெள்ளி அறுபது காசு பருப்பு முக்கால் கிலோ. ஒரு பாட்டியம்மாவுக்கு வாயாலேயே கூட்டி, பத்து வெள்ளிக்கு ஆறு வெள்ளி ஐம்பத்தைந்து காசு மீதி கொடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் வகுப்பில் பயிற்சித்தாள் முழுக்க வெங்காயமும் பருப்பும். "இதுல உங்க எல்லாரையும்விட வேகமானவன் இங்க இருக்கான்" என்று என்னைக் காட்டினார். நல்ல எண்ணம்தான். வகுப்பே சிரித்தது. அன்று முதல் என் பெயர் 'பாவாங்'. மலாயில் வெங்காயம். நான் தாளைக் கிழித்தேன். இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளர் வந்தபோது, வேண்டுமென்றே பாடவேளை முழுவதும் தலையைத் தூக்கவில்லை. பாடம் முடிந்ததும் மிஸ் மாடிப்படியில் நின்று கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அது போகவில்லை.

மறுநாள் ஓய்வுவேளையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "உன்னைக் கேட்காம உன் கடையை வகுப்புக்குக் கொண்டுவந்தது என் தப்பு" என்றார். ஓர் ஆசிரியர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னார்: "எனக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கு. நீ கணக்குப் போட வேண்டாம். எந்த இடத்துல உன் தலை மேசைக்குப் போகுதோ, அங்க தாள்ல ஒரு கோடு மட்டும் போட்டுக் கொடு."

போட்டேன். ஒரு வாரத் தாள்களை அடுக்கிப் பார்த்தால் கோடெல்லாம் ஒரே மாதிரி இடத்தில்தான். எண்கள் மட்டும் இருக்கும் கணக்கில் ஒன்றுகூட இல்லை. வாக்கியமாக வரும் கணக்கில்தான். 'ரெஸ்பெக்டிவ்லி' என்ற சொல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னார். எனக்கு வாயே திறக்கவில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் தமிழும் மலாயும். ஆங்கிலத்தில் இரண்டு வரிக்கு மேல் வாசிக்க எனக்கு வராது. தொடக்கப்பள்ளியிலிருந்தே அதை மறைத்து வந்தேன். சோம்பேறி என்ற பெயரைத் தாங்கிக்கொள்ளலாம். பதினைந்து வயதில் வாசிக்கத் தெரியாதவன் என்ற பெயரைத் தாங்க முடியாது.

பள்ளி முடிந்து உணவகத்தின் ஓரத்தில், வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம். கேள்வியை வாசிப்பது மட்டும், விடை வேண்டாம். ஆறு தடவை உட்கார்ந்திருப்போம். பத்து வாரம் முடிந்தது, போய்விட்டார். அரையாண்டில் 11 வாங்கியவன் ஆண்டிறுதியில் 38 வாங்கினேன். அதுவும் தோல்விதான். அவர் அந்த மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை.

பிறகு தொழில்நுட்பக் கல்விக் கழகம், தேசிய சேவை, பலதுறைத் தொழிற்கல்லூரி. பட்டயம் வாங்கும்போது வயது இருபத்தாறு. எல்லாம் அந்த ஆறு தடவையால் என்றால் பொய். அம்மாவின் பிடிவாதம் உண்டு, பின்னால் வந்த ஆசிரியர்கள் உண்டு. கேள்வியைக் கடைசி வரை வாசிக்கும் பழக்கம் மட்டும் அங்கே தொடங்கியது.

நம் வகுப்பில் பாடம் எடுக்கும் தம்பி ஒருவர், பல்கலைக்கழக மாணவர், போன மாதம் என்னிடம் வந்தார். "அண்ணே, அந்த உயர்நிலை இரண்டு பையனுக்கு ஆர்வமே இல்ல. வேற யார்கிட்டயாவது மாத்திவிடுங்க" என்றார். நானே உட்கார்ந்தேன். அதே கோடு போடும் தாளைக் கொடுத்தேன். இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் என் தொப்பையோடு ஒரு படம் வரைந்து கொடுத்தான். அச்சு அசல் நான்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழைத்துப் போக வரும்போது, "என் மகன் எப்படிப் படிக்கிறான்?" என்று அவன் பக்கத்தில் நிற்கையிலேயே கேட்காதீர்கள். எனக்குத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

போன சனிக்கிழமை அந்தப் பையன் முதல் தடவையாக ஒரு கோடு போட்டான். தாளின் உச்சியில், பாடம் தொடங்குவதற்கு முன்பே, நாங்கள் வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில். அது ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை அவனிடம் கேட்க வேண்டும்.