மிச்சமாகும் நேரம் யாருக்கு?

(திருவனந்தபுரத்தில் தொழிற்சங்க ஊழியர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான ‘லீன்’ திட்டத்தை 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு புதுப்பித்தது. ஆலோசகர் கட்டணத்தில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கும். கொச்சுவேளி, பாப்பனங்கோடு தொழிற்பேட்டைகளில் உள்ளவை போன்ற ஆலைகளே அதன் இலக்கு. கருவிகளை வகைபிரித்து வைத்தல், பணியிடத்தைத் தூய்மையாக வைத்தல், வேலைமுறையை எழுதி ஒட்டுதல் ஆகியவை தொடக்கப் பாடங்கள். இவற்றை எதிர்க்க ஒரு காரணமும் இல்லை. ஸ்பானரைத் தேடி அலைவதில் தொழிலாளிக்கு என்ன இன்பம்?

சிக்கல் அடுத்த படியில் எழுகிறது. வீண் எது என்பதைத் தொழிலாளியே கண்டு சொல்ல வேண்டும். பல்லாண்டுகள் ஒரே எந்திரத்தின் முன் நின்றவர் அறிந்ததை எந்த ஆலோசகரும் அறியார். ஆனால், நால்வர் செய்யும் வேலையை மூவர் செய்யலாம் என்று அவர் காட்டிவிட்டால் நான்காமவர் எங்கே போவார்? வேலைநாளை நீட்டாமலே உழைப்பின் செறிவைக் கூட்டும் வழியை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியிலேயே ஆராய்ந்துள்ளார்.

இம்முறையின் தாயகமான டொயோட்டாவிலும் இக்கேள்வி எழுந்தது. 1950இல் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. நிறுவனத் தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். ஏறத்தாழ 2,000 பேர் வெளியேறினர். எஞ்சியோருக்கு நிலையான வேலை என்ற உறுதியின் மீதே பின்னர் அம்முறை எழுந்தது. அவ்வுறுதியும் நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டுமே. 1972இல் பருவகாலத் தொழிலாளியாக அங்கே சேர்ந்த எழுத்தாளர் சதோஷி கமத்தா, அந்த வரிசையின் கொடிய வேகத்தை நாட்குறிப்பாகவே எழுதி வெளியிட்டார்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் 1984இல் ஜெனரல் மோட்டார்சும் டொயோட்டாவும் கூட்டாக ஆலை தொடங்கியபோது, தொழிலாளர் ஜப்பானுக்கே பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் அங்கே சங்கம் ஒப்பந்தத்தில் ஒரு விதியை எழுத வைத்தது: ஆட்குறைப்புக்கு முன் அதிகாரிகளின் சம்பளம் குறைக்கப்பட வேண்டும், வெளியே கொடுத்த வேலை ஆலைக்குள் திரும்ப வேண்டும். 1988 வாக்கில் விற்பனை சரிந்தபோது எவரும் நீக்கப்படவில்லை. உபரியானோர் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டனர்.

நமக்கு அண்மையிலுள்ள பிடதியில், டொயோட்டா 2007இல் கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 2020 நவம்பரிலோ அதே வளாகத்தின் ஆலையில் கதவடைப்பு. வேலைப்பளு தாங்க முடியவில்லை என்பது சங்கத்தின் புகார். போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. பயிற்சிக்கு அங்கே குறைவில்லை.

2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தியது. லீன் திட்டம் நாடும் சிறு ஆலைகள் பெரும்பாலும் இவ்வரம்புக்குக் கீழேயே உள்ளன. ஆகவே சட்டம் தராத உறுதியைச் சங்கம் ஒப்பந்தத்தில் பெற வேண்டும். பயிற்சி தொடங்குமுன், அதனால் எவரும் வேலை இழக்கமாட்டார் என்பதும், மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கு ஓய்வாகவோ ஊதியமாகவோ திரும்பும் என்பதும் எழுத்தில் வரட்டும். அந்த ஒப்பந்தத்தில் ஒப்பந்தத் தொழிலாளரின் பெயரும் இருக்க வேண்டும். நான்காமவர் பெரும்பாலும் அவரே.