வியர்வைக்கு ஈடு தண்ணீர்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று இத்தகைய கூட்டங்களில் நாம் பல விஷயங்களைப் பேசி வருகிறோம். இன்று தண்ணீரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். "தண்ணீர் குடிப்பதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. உழைப்பவனுக்கு உடம்புதான் மூலதனம். அந்த உடம்பில் பாதிக்கு மேல் இருப்பது தண்ணீர்.

நாளொன்றுக்கு எட்டுக் குவளை குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1945-இல் அமெரிக்க உணவு வாரியம் ஒன்று, பெரியவர்களுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர் நீர் தேவை என்றது. அதில் பெரும் பகுதி உண்ணும் உணவிலேயே கிடைத்துவிடுகிறது என்றும் கூடவே எழுதியது. முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்ட உலகம் இரண்டாவதை மறந்துவிட்டது! 2004-இல் அந்நாட்டு அறிஞர் குழு, உணவும் பானமும் சேர்த்து ஆணுக்கு 3.7 லிட்டர், பெண்ணுக்கு 2.7 லிட்டர் என்று கணக்கிட்டது. இதில் ஐந்தில் ஒரு பங்கு சோறு, குழம்பு, காய், பழம் வழியாகவே வந்துவிடும். தேநீரும் காப்பியும் கணக்கில் சேரும். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு சொல்வது ஆறு முதல் எட்டுக் குவளை வெறும் தண்ணீர்.

ஆனால், தோழர்களே, இவை சாதாரண வேலை செய்பவர்களுக்கான கணக்குகள். விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவரும், மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளி தூக்குபவரும் ஒரே அளவு குடித்தால் போதுமா?

நம் வழக்கத்தைப் பாருங்கள். விடியுமுன் ஒரு குவளை காப்பி, பிறகு பெரட்டு, பிறகு காடு. மரம் வெட்டி முடிக்கும் வரை நிற்க நேரமில்லை. வெயில் ஏறிய பிறகு பால் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் ஒரே மூச்சில் ஒரு போத்தல் தண்ணீர்! தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவது போன்றதுதான் இது. கடும் வெயிலில் உழைக்கும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வையாக இழக்கலாம். அதை ஈடு செய்யாவிட்டால் தலைவலி, மயக்கம், கெண்டைக்கால் பிடிப்பு வரும். பல நாள் தொடர்ந்தால் சிறுநீரகக் கல் உண்டாகவும் வழி ஏற்படும்.

மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்கு நேர்ந்ததை நாம் அறிந்திருக்க வேண்டும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இல்லாத உழைப்பாளிகள் சிறுநீரகம் கெட்டு வருவதை 2002-இல் எல் சால்வடோர் மருத்துவர்கள் எழுதினார்கள். வெப்பத்தில் கடும் உழைப்பும் உடலில் நீர் வற்றுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றும் கேட்டுப் பெற வேண்டியவை என்பதே அங்கே கிடைத்த பாடம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? வீட்டை விட்டுப் புறப்படுமுன் இரண்டு குவளை குடியுங்கள். காட்டுக்குப் போகும்போது இரண்டு லிட்டராவது கொண்டு செல்லுங்கள். வெயில் ஏறிய பின் கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு முறை ஒரு குவளை போதும். அவசரப்பட்டு மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டாம். இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து அதுவும் ஆபத்தாகும். பசியாறாமல் வேலைக்குப் போகாதீர்கள். வியர்வையில் போகும் உப்பை உணவுதான் திருப்பித் தருகிறது. கள்ளும் பீரும் தண்ணீருக்கு ஈடாகா. மருந்து வந்த போத்தலை எவ்வளவு கழுவினாலும் அதில் குடிநீர் ஊற்றாதீர்கள். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

அளவு சரிதானா என்று அறிய எளிய வழி உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. தேயிலைச் சாயம் போல் கறுத்திருந்தால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று பொருள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காட்டில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீரையே தவிர்க்கும் பெண்கள் பலர். சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் நீர்த்தாரைத் தொற்றுக்கு இடம் கொடுக்கும். இது பெண்களின் குற்றமல்ல. வசதி செய்து தராதவர்களின் குற்றம்.

இங்கேதான் சங்கம் வருகிறது. குடியிருப்பு தரும் தோட்ட நிர்வாகம் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். வேலையிடம் உடல்நலத்துக்குக் கேடில்லாமலும், தேவையான வசதிகளுடனும் இருக்க வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம். வேலையிட வெப்பத்தைச் சமாளிக்க 2016-இல் அரசாங்கமே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆகவே வேலைக்காட்டில் நல்ல குடிநீர், குடிக்கச் சற்று ஓய்வு, பெண்களுக்கு மறைவான கழிவிடம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கிளையும் எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். தனி ஆள் கேட்டால் முணுமுணுப்பு. கிளை கேட்டால் கோரிக்கை!

போத்தலை நிரப்புவது நம் கடமை. அதை மறுபடி நிரப்பக் காட்டில் நல்ல தண்ணீர் இருப்பது நம் உரிமை. இரண்டையும் நாளைக் காலையிலேயே தொடங்குவோம்.