பால்மரமும் பழைய ஃபோர்டு வண்டியும்



ஜொகூர் நீரிணையின் மேல் இரண்டாவது பாலம் 1998-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தின் சிங்கப்பூர்ப் பக்கத்து முனைதான் துவாஸ். ஒரு காலத்தில் அது மீனவர் குடியிருந்த கடற்கரை. பின்னர் கடலை மண்ணிட்டு மேடாக்கித் தொழிற்பேட்டையாக்கினார்கள். இன்று அங்கே கப்பல் கட்டும் துறைகளும் உலோகப் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்திருக்கின்றன. இருள் பிரியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போகும் இளைஞர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி நம் லயத்து வாசல்களில் ஒரு பேச்சு அடிபடும். "படிப்பு ஏறவில்லை, அதனால் ஸ்பேனர் பிடிக்கப் போய்விட்டான்" என்பார்கள். மேசை வேலை என்றால் ஒரு மரியாதை, கையில் கிரீஸ் பட்டால் ஒரு குறைவு என்று நாம் எப்படியோ பழகிவிட்டோம். அந்த எண்ணம் சரிதானா என்று பார்க்கத்தான் இன்று பழைய அமெரிக்க மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். கோடீசுவரர்கள் வாங்கி வைத்து அழகு பார்க்கும் வண்டிக்கும் பால்மரத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அந்த வண்டி உருண்டதே நம்முடைய பாட்டன் பாட்டிமார் வெட்டிய பாலின் மேல்தான்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். 1908-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு ஒரு புதிய மோட்டார் வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் பெயர் டி மாடல். அப்போது விலை ஏறத்தாழ 850 டாலர். 1913-இல் அவர் தொழிற்சாலையில் ஒரு மாற்றம் செய்தார். ஆட்கள் வண்டியைத் தேடிப் போவதற்குப் பதிலாக, வண்டி ஆட்களைத் தேடி நகர்ந்து வந்தது. ஒருவர் சக்கரம் மாட்டுவார், அடுத்தவர் திருகு முடுக்குவார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. 1920-களின் நடுவில் விலை 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 1927-இல் உற்பத்தியை நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்திருந்தன.

அந்த வண்டியை ஓட்டுவது இன்றைய வண்டியை ஓட்டுவது போலன்று. தரையில் மூன்று மிதிகள் இருக்கும். இடது மிதியை முழுவதும் அழுத்தினால் முதல் கியர். பாதியில் நிறுத்தினால் வண்டி எதிலும் சேராமல் நிற்கும். கைப்பிடியைத் தளர்த்திவிட்டு மிதியிலிருந்து காலை எடுத்தால் மேல் கியர். நடு மிதி பின்னால் போவதற்கு. வலது மிதி பிரேக். பெட்ரோல் கொடுக்கும் பிடியோ காலில் இல்லை, ஸ்டீயரிங்கின் கீழே கையருகில் இருந்தது. பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பும் கிடையாது. தொட்டி இருக்கைக்கு அடியில் இருக்கும், அங்கிருந்து எண்ணெய் தானாக வழிந்து இயந்திரத்துக்கு வரவேண்டும். ஆகவே தொட்டியில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எண்ணெய் வராமல் வண்டி நின்றுவிடும். அப்போது என்ன செய்வார்கள் தெரியுமா? வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவார்கள்!

தொடக்க கால வண்டிகளின் முன் விளக்குகள் மின்விளக்குகள் அல்ல. கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டினால் எழும் வாயுவில் எரிந்தவை. விடியலுக்கு முன் கார்பைடு விளக்கை வைத்துக்கொண்டு பால் வெட்டிய பெரியவர்களுக்கு அந்த வாடை இன்னும் மறந்திருக்காது. சக்கரத்தின் ஆரங்கள் மரத்தால் ஆனவை. வண்டி தரையிலிருந்து உயரமாக நிற்கும், எடையும் குறைவு. சேற்றுப் பாதைக்கு ஏற்ற வண்டி. எங்கள் பார்வையில், தோட்டத்துப் பாதைக்கென்றே செய்தது போன்ற வண்டி!

இனி அதன் டயருக்கு வருவோம். ஒரு வண்டிக்கு நான்கு டயர். கோடிக்கணக்கான வண்டிகளுக்கு எத்தனை டயர் என்று கணக்குப் போடுங்கள். அன்று செயற்கை ரப்பர் புழக்கத்தில் இல்லை. எல்லாம் மரத்துப் பால்தான். பிரேசில் நாட்டு விதையிலிருந்து இங்கிலாந்தில் முளைத்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் இருந்த ரிட்லி என்பவர், மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். இன்றும் நாம் வெட்டுவது அந்த வழிதான். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் தோட்டத்தைப் போட்டார். அதன் பிறகு காடுகள் சாய்ந்தன, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள், கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்தார்கள். விடியற்காலைப் பெரட்டு, தோளில் காண்டா வாளி, மங்கு நிறையப் பால், புகைவீட்டில் தொங்கிய ஷீட்டு. அந்த ஷீட்டுத்தான் கட்டுக் கட்டாகக் கப்பலேறி அமெரிக்காவில் டயராயிற்று.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1914-இல் ஃபோர்டு தம் தொழிலாளருக்கு நாள் கூலி 5 டாலர் என்று அறிவித்தார். அதை உலகமே புகழ்ந்தது. 1920-களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியப் பகுதித் தோட்டங்களில் நிர்ணயித்த கூலியோ ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதுவும் மலாயாக் காசு. அமெரிக்கக் காசாக மாற்றினால் இன்னும் குறையும். வண்டியைக் கோத்தவன் அதே வண்டியை வாங்கி ஓட்டினான். டயருக்குப் பால் கொடுத்தவள் அந்த வண்டி போகும்போது வரப்பில் ஒதுங்கி நின்றாள். பழைய வண்டிகளைப் பற்றிய அழகான புத்தகங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் இந்தக் கணக்கு அநேகமாக இடம் பெறுவதில்லை.

ரப்பர் விலையை ஏற்ற 1922-இல் பிரிட்டிஷார் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியபோது ஃபோர்டுக்குக் கோபம் வந்தது. தாமே தோட்டம் போடுகிறேன் என்று 1928-இல் பிரேசிலின் அமேசான் காட்டில் ஃபோர்டுலாந்தியா என்ற தோட்டத்தைத் தொடங்கினார். மரம் அந்த மண்ணுக்கே உரியது. ஆனால் நெருக்கமாக நட்டதும் இலை நோய் பற்றிக்கொண்டது. இயந்திரம் கோக்கத் தெரிந்தவருக்கு மரம் வளர்க்கத் தெரியவில்லை. 1945-இல் அந்த நிலத்தைப் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டார்கள்.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். 1926-இல் மலாயா ஃபோர்டு மோட்டார் கம்பெனி சிங்கப்பூரில் பதிவாயிற்று. அது கனடா நாட்டு ஃபோர்டின் கிளை. நம் பக்கத்துச் சாலைகளில் வலப்பக்க ஸ்டீயரிங் வேண்டும் அல்லவா? பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்கு அத்தகைய வண்டிகள் பெரும்பாலும் கனடாவிலிருந்தே வந்தன. ஆகையால் தோட்டத்துரையின் 'அமெரிக்கக் கார்' கனடாவில் பிறந்ததாகவும் இருக்கலாம்! 1920-களில் சிங்கப்பூர்த் தெருக்களில் ஏழு பேர் அமரும் சிறு பஸ்கள் ஓடின. கொசுப் போல எங்கும் புகுந்து ஓடியதால் கொசு பஸ் என்றே பெயர். அவற்றில் பல, டி மாடல் வண்டியின் அடிச்சட்டத்தில் மரக்கூண்டு கட்டியவை. கூண்டு கட்டியவர்கள் உள்ளூர்த் தச்சர்கள், ஓட்டிப் பழுது பார்த்தவர்களும் உள்ளூர்க்காரர்களே.

1941 அக்டோபரில் அப்பர் புக்கிட் தீமா சாலையில் ஃபோர்டின் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் மோட்டார் வண்டி கோக்க எழுந்த முதல் தொழிற்சாலை அது. நான்கே மாதம். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், அந்தத் தொழிற்சாலையின் கூட்ட அறையில்தான் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷித்தாவிடம் சரணடைந்தார். அந்த மேசையில் போட்ட கையெழுத்தின் விலையைத் தோட்டங்கள் கொடுத்தன. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் நம்மவர். உங்கள் குடும்பத்திலேயே திரும்பி வராத ஒருவர் பெயர் இருக்கக்கூடும்.

அதே மாதம் அமெரிக்காவில் நடந்ததையும் கேளுங்கள். பிப்ரவரி 10-ஆம் நாள் ஃபோர்டு கம்பெனி பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலைகள் போர்த் தளவாடம் செய்யத் திரும்பின. மலாயா வீழ்ந்ததால் ரப்பர் வரவும் நின்றது. டயருக்குப் பங்கீடு, டயர் தேயாமல் இருக்க வேகக் கட்டுப்பாடு. 1945 நடுப்பகுதி வரை புதிய கார் கிடையாது. இருந்த வண்டியைப் பழுது பார்த்துப் பார்த்தே மக்கள் ஓட்டவேண்டியிருந்தது. நம் பால் வராத நான்கு ஆண்டுகளில்தான் பழுது பார்ப்பவனின் அருமை அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்தது.

போருக்குப் பின் புக்கிட் தீமாத் தொழிற்சாலை மீண்டும் இயங்கி 1980-இல் மூடப்பட்டது. 2006-இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். முகப்புக் கட்டடம் இன்று போர்க்கால நினைவுக் காட்சியகம். துவாஸில் வேலை செய்யும் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்க்கலாம்.

பழைய வண்டி சேர்ப்போர் சிங்கப்பூரிலும் உண்டு. ஆனால் அங்கே அது எளிதன்று. 1990 மே மாதம் முதல் வண்டி வைத்திருக்கவே ஓர் உரிமைச் சான்றிதழ் வாங்கவேண்டும். பத்தாண்டுதான் செல்லும். அந்தச் சான்றிதழுக்கு மட்டும் 2023-இல் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் போயிற்று. பத்தாண்டு முடிந்ததும் பலர் வண்டியைப் பதிவிலிருந்து எடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள் அல்லது உடைக்கக் கொடுப்பார்கள். முப்பத்தைந்து ஆண்டு கடந்த வண்டிக்குத் தனிச் சலுகை உண்டு. ஆனால் ஆண்டில் 45 நாள் மட்டுமே ஓட்டலாம். பழைய சாமான் தேடுவோர் ஒரு காலத்தில் லிட்டில் இந்தியாவுக்கு அருகே சுங்கை ரோடு சந்தைக்குப் போவார்கள். அதுவும் 2017 ஜூலையில் மூடப்பட்டது.

வண்டியைத் துடைத்துப் பூட்டி வைப்பது ஒரு வகை, ஓடவைப்பது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் நாங்கள் மதிக்கிறோம். கியூபா நாட்டில் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா வணிகத் தடை விதித்தபோது உதிரிப் பாகங்கள் வருவது நின்றுபோயிற்று. அங்குள்ள மெக்கானிக்குகள் 1950-களின் செவ்ரலே வண்டிக்குள் வேறு நாட்டு டீசல் இயந்திரத்தைப் பொருத்தியும், பாகங்களைத் தாங்களே கடைந்தும் ஓட்டி வருகிறார்கள். அந்த வித்தை தேவையிலிருந்து பிறந்தது.

பல ஆண்டு நின்றுபோன இயந்திரத்தை எழுப்புவது எப்படி? அவசரப்பட்டுச் சுழற்றக் கூடாது. முதலில் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊடுருவும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். துருவில் ஒட்டிய பிஸ்டன் மெல்ல இளகும். பிறகு கையால் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கவேண்டும். பிசினாகிப்போன பழைய பெட்ரோலையும் எண்ணெயையும் வடித்துவிட வேண்டும். அதன் பின்தான் தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, காற்றழுத்தம் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது. டி மாடலை முன்னாலிருந்து கைத்தண்டால் சுழற்றிக் கிளப்புவார்கள். அப்போது கட்டைவிரலைத் தண்டைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். தீப்பொறி முந்தினால் தண்டு திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். இதில் பௌதிகம் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. இவற்றைத் தெரிந்தவனைப் படிப்பு ஏறாதவன் என்று எப்படிச் சொல்வது?

கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு என்பவர் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர். ஓட்டலில் பரிமாறிச் சேர்த்த பணத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியே இயந்திரம் கற்றார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். 1974-இல் அவர் மறைந்தார். அவருடைய குடும்பத்தார் சேர்த்த பழைய வண்டிகளை 2015 முதல் கோவையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் தோட்டங்களில் பல இடத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. துரை பங்களாவின் கார் கொட்டகையும் இடிந்திருக்கும். ஆனால் அந்தக் காரைக் கழுவியவர், லோரி ஓட்டியவர், பட்டறையில் திருகு முடுக்கியவர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மாணவச் செல்வங்களே, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போங்கள். தோட்டத்தில் முதலில் வந்த லோரி என்ன லோரி, யார் ஓட்டினார், பழுதானால் யார் பார்த்தார், எந்த வேலையை எப்படிச் செய்தார் என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். பட்டறைச் சாமான்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களையும் விடாதீர்கள். எழுதியதை உங்கள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். துவாஸில் வேலை செய்யும் அண்ணன் வீட்டுக்கு வந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தாத்தா சொல்வதில் உங்களுக்குப் புரியாத பாதி அவருக்குப் புரியும்.