சுற்றவாளி என்றொரு சொல்



வாசிகசாலை விழாவுக்கு ஒரு சட்டத்தரணியை ஏன் கூப்பிட்டீர்கள் என்று இந்தச் சனசமூக நிலையத் தலைவரைக் கேட்டேன். "எங்கட சனம் கொலை கொள்ளைக்குப் போறேல்லை. ஆனா பத்து வீட்டுக்கு ஒரு வழக்கு கிடக்கு" என்றார். எனக்கும் தெரியும். மணல் ஏற்றிய வழக்கு, மரம் ஏற்றிய வழக்கு, லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடிய வழக்கு, கசிப்பு வழக்கு, வேலிச் சண்டையில் கைநீட்டிய வழக்கு. சின்ன வழக்கு என்பதால் எவரும் அதைப் பற்றி வாய் திறந்து கேட்பதில்லை. எப்படியாவது அன்றைக்கே முடிந்தால் போதும் என்று போகிறார்கள். அந்த அவசரத்தில் என்ன இழக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குகிறேன். வன்னியில் ஒரு நீதிமன்றம். எது என்று சொல்ல மாட்டேன். கூண்டில் அறுபது வயது தாண்டிய ஒரு ஐயா. தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல நிற்கிறார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் உழவு இயந்திரப் பெட்டியில் மரக்குற்றி ஏற்றியதாகக் குற்றச்சாட்டு. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை நாங்கள் முதலியார் என்போம். அந்த முதலியார் குற்றச்சாட்டை வாசித்துவிட்டுக் கேட்டார்: "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?"

ஐயா முழித்தார். கேட்டது இரண்டு சொல். ஒன்று அவருக்குத் தெரியும். மற்றதை வாழ்நாளில் அவர் கேட்டதில்லை. தெரிந்த சொல்லைச் சொன்னார். "குற்றவாளி ஐயா."

பேனை ஓடியது. குற்றப்பணம் சொல்லப்பட்டது. நான் அன்று வேறொரு வழக்குக்காக நின்றேன். வெளியே மரநிழலில் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, சுற்றவாளி எண்டா என்ன?" அவர் கூலிக்குப் போய்ப் பெட்டியின் மேல் இருந்தவர். மரம் யாருடையது, அனுமதி எடுத்தார்களா இல்லையா, எதுவும் அவருக்குத் தெரியாது. அதையே அவர் கூண்டில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

அம்மாமாரே, ஐயாமாரே, சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர். அவ்வளவுதான். "நான் சுற்றவாளி" என்று சொன்னால் நீதவான் கோபிக்க மாட்டார். அது திமிர்ப் பேச்சும் இல்லை. "என்மீது சொன்னதைச் சாட்சி வைத்து நிரூபியுங்கள்" என்று கேட்பதுதான் அது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளி என்றே கொள்ளப்பட வேண்டும் என்று இந்த நாட்டு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை சொல்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒவ்வொன்றும் பத்தாம் வகுப்புக்கு முன்னரே இந்தச் சொல்லை அறிந்திருக்க வேண்டும்.

நாங்கள் ஏன் இவ்வளவு சுலபமாக "ஓம்" சொல்லிவிடுகிறோம்? நான் இதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். நாங்கள் இப்போது நிற்கும் நிலத்தைப் பாருங்கள். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் நடுவே இருக்கும் வாசல் இது. ஒல்லாந்தர் கோட்டை வைத்துக் காவல் இருந்த வாசல். 1991 இலும் 2000 இலும் போரில் எத்தனை ஆயிரம் உயிரை விழுங்கிய வாசல். இந்தப் பாதையால் போய்வந்த எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. சீருடை போட்டவர் கேட்டால் அடையாள அட்டையை நீட்டு, குனி, "ஓம் ஐயா" சொல்லு, பஸ்ஸில் ஏறு. அன்றைக்கு அந்தப் பழக்கம் உயிரைக் காப்பாற்றியது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதே "ஓம் ஐயா"வை நீதிமன்றக் கூண்டுக்குள்ளும் கொண்டுபோகிறோம். சோதனைச்சாவடியில் ஓம் என்றால் பாதை திறக்கும். கூண்டில் ஓம் என்றால் உங்கள் பெயரில் ஒரு தீர்ப்பு எழுதப்படும்.

எழுதப்பட்டால் என்ன, குற்றப்பணத்தைக் கட்டினால் சரிதானே என்று கேட்பீர்கள். பல வழக்குகளில் கட்டினாலும் முடிவதில்லை. மகன் வெளிநாட்டுக்குப் போகப் பொலிஸ் றிப்போட்டுக்கு விண்ணப்பிப்பான். அரசாங்க வேலைக்கு விண்ணப்பிப்பான். அப்போது அந்தப் பழைய தீர்ப்பு எழும்பி வந்து நிற்கும். மர வழக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 1907 ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டம் பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. அதன்படி ஏற்றியவர் குற்றவாளி என்றானால் வாகனமும் அரசுடைமையாகும் நிலை வரும். வாகனச் சொந்தக்காரர் வேறொருவர் என்றால், அது தவறாகப் பாவிக்கப்படாமல் இருக்கத் தான் எல்லா முன்னேற்பாடும் செய்ததாக அவர்தான் நிரூபிக்க வேண்டும். லீசிங்கில் எடுத்த உழவு மெசின் என்று வையுங்கள். மாதக் கட்டுப்பணம் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. சாரதித் தம்பி "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொன்ன ஒரு நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் சோறு போய்விடுகிறது.

அவசரத்தில் ஒத்துக்கொண்டவருக்கும் ஒரு வாசல் உண்டு. தண்டனை சொல்லப்படுவதற்கு முன்னர் நீதவானின் அனுமதியோடு அந்த ஒப்புதலை மீளப்பெறலாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதற்கு இடம் தருகிறது. உண்மையாகவே பிழை செய்தவர் இருக்கிறார் என்று வையுங்கள். முதல் தடவை, சின்னப் பிழை, வயது குறைவு, நல்ல பெயர். அப்படியானவரைக் குற்றத்தீர்ப்பு எழுதாமலே எச்சரித்து விடவோ நிபந்தனையோடு விடுவிக்கவோ அதே சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கேளாத செவிக்குள் எதுவும் தானாகப் போய் விழாது.

பொலிஸ் நிலையத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்பதுண்டு. "கூட்டிக்கொண்டு போனால் எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள்?" சாதாரண வழக்கில் 24 மணித்தியாலத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதவான் முன்னால் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவை வேறு கதை. பிடிக்கும்போது என்ன காரணத்துக்காகப் பிடிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும்.

"வாக்குமூலம் சிங்களத்தில் எழுதியிருக்கினம், கையெழுத்து வைக்கட்டோ?" இந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். திருத்தம் இருந்தால் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழியும் தமிழ்தான். ஆகவே குரலை உயர்த்தாமல், கையைக் கட்டிக்கொண்டே, "ஐயா, தமிழில வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். விளங்காத தாளில் பேனையைத் தொடாதீர்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லவும் நீங்கள் கட்டுப்பட்டவர் இல்லை.

"அடி தாங்காமல் செய்தேன் எண்டு சொல்லிப்போட்டன், இனி என்ன?" என்று ஒரு தம்பி அழுதான். 1895 இல் வந்த சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக நிரூபிக்க விடாது. நீங்கள் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் மட்டும் அந்த அளவுக்கு அது செல்லும். அடி விழுந்திருந்தால் நீதவான் முன்னால் போகும் முதல் நாளே சொல்லுங்கள். உடுப்பை விலக்கிக் காட்டுங்கள், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டையில் களவுச் சந்தேகத்தில் பிடிபட்ட ஒரு இளைஞர் விளக்கமறியலில் இருந்தபோது இறந்தார். அவருடைய தாயை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

பிணைக்கு வருகிறேன். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. பிணை கொடுக்கத்தக்க குற்றமென்றால் பொலிஸ் நிலையத்திலேயே கேட்கலாம். பிணைத் தொகை உங்கள் நிலைமைக்கு மிஞ்சிப்போனால் குறைக்கக் கேட்கலாம். பிணையாளிகளுக்குக் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டிவரும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அதற்கு ஓடித் திரிந்து கிடைக்காமல் சனி, ஞாயிறு மறியலில் கிடந்தவர்களை நான் அறிவேன். கிராம அலுவலர் ஐயா இங்கே இருக்கிறார். அவரிடம் நான் பணிவோடு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: பிணைக்கு என்று வந்து நிற்கும் தாயை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

வழக்குத் தவணையைத் தவறவிடாதீர்கள். உப்பளத்தில் உப்பு அள்ளும் காலத்தில் ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது, தெரியும். ஆனால் தவணைக்குப் போகாவிட்டால் பிடியாணை வரும், சின்ன வழக்கு அன்றோடு பெரிய வழக்காகும். குற்றப்பணத்தை ஒரேயடியாகக் கட்ட வழியில்லையென்றால் தவணைமுறையில் கட்ட அவகாசம் கேட்கலாம். கேட்கத் தெரியாமல் சிறைக்குப் போனவர்கள் இந்த நாட்டில் ஏராளம். வேலிச் சண்டை, வாய்த்தர்க்கம், சின்ன அடிபிடி போன்றவை 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி இணக்க சபையிலேயே தீர்க்கக்கூடியவை.

அவசரப்பட்டுக் குற்றத்தை ஏற்காமல் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2024 மார்ச் 8 ஆம் திகதி, மகா சிவராத்திரி. வவுனியா வடக்கில் வெடுக்குநாறிமலையில் வழிபடப் போனவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்தது. விளக்கமறியலில் வைத்தார்கள். உள்ளே உண்ணாவிரதமும் இருந்தார்கள். சட்டத்தரணிகள் பலர் ஒன்றாக முன்னிலையானோம் என்று சொல்லும் பாக்கியம் எனக்கு இல்லை. நான் அந்த வழக்கில் நிற்கவில்லை. ஆனால் என் தொழில்சார் சகோதரர்கள் நின்றார்கள். மார்ச் 19 ஆம் திகதி வவுனியா நீதவான் நீதிமன்றம் எட்டுப் பேரையும் விடுவித்து வழக்கையும் தள்ளுபடி செய்தது. அவர்களில் ஒருவராவது "எப்படியாவது முடியட்டும்" என்று முதல் நாளே குற்றத்தை ஏற்றிருந்தால் அவர் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தரணிக்குக் காசு எங்கே என்கிறீர்கள். 1978 இல் சட்டம் போட்டு உருவாக்கிய சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் முன்னிலையாவார்கள். கிளிநொச்சியிலும் அதன் நிலையம் இருக்கிறது. சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து உங்களுக்காகப் பேசலாம் என்று 2012 இல் விதியும் வந்துவிட்டது. நீதிமன்ற வாசலில் நின்று "நான் முடிச்சுத் தாறன்" என்று கையை நீட்டுகிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் நான் உடனே புறப்பட மாட்டேன். அந்த வாசிகசாலை மேசையில் இருப்பேன். நாளைக்கோ அடுத்த கிழமையோ தவணை உள்ளவர்கள், வீட்டில் அரிசிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்த அழைப்பாணையை எடுத்துக்கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துச் சொல்கிறேன்.