பழைய வண்டியும் நேரிய விலையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசப் புலவர் வந்திருக்கிறார்; இசை வழங்க நம் வீட்டுப் பெண்மக்கள் காத்திருக்கின்றனர். இவர்களுக்கிடையே, மெட்ரிகுலேஷன் வரை படித்துச் சம்பளப் பட்டியல் எழுதியே காலம் கழிக்கும் குமாஸ்தா ஒருவனை நிறுத்தி, "அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுக" என்று செயலாளர் ஆணையிட்டுவிட்டார். ஆணைக்குக் கட்டுப்படுவது இரயில்வேக்காரர் இயல்பு. ஆதலின் பேசத் துணிந்தோம்.

"நாங்கள்" என்று சொல்லும்போது மூவரைக் குறிக்கிறோம். பேனா பிடிக்கும் இவ்வடியேன் ஒருவன். பணிமனையில் பிட்டராக இருக்கும் அண்டை வீட்டு நண்பர் ஒருவர். பள்ளியில் படிக்கும் எங்கள் மகள் ஒருத்தி. வேலை முழுவதும் மூவரும் சேர்ந்து செய்தது. அதில் நேர்ந்த பிழையும் மூவருக்கும் பொது.

காலனியில் பலரும் அவ்வண்டியைப் புல்லட் என்கின்றனர். அது புல்லட் அன்று. புல்லட், 1955இல் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியாவின் வழியாக நம் நாட்டு வண்டியாகவே ஆகிவிட்டது. அதற்கு உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எங்கள் வண்டியோ பி.எஸ்.ஏ. எம் 20. பர்மிங்காமில் துப்பாக்கி செய்வதற்கென 1861இல் தோன்றிய நிறுவனம் அது; 1910இல் மோட்டார் சைக்கிள் தொழிலில் புகுந்தது; 1970களில் மறைந்தது. இரண்டாம் உலகப் போரில் செய்தி கொண்டு செல்லும் படைவீரர்களுக்கென அந்நிறுவனம் ஏறத்தாழ 1,26,000 எம் 20 வண்டிகளை அனுப்பியது. போர் ஓய்ந்தபின் இந்நாட்டில் தங்கிவிட்ட படை வண்டிகள் பல ஏலத்தில் விலைபோயின. அவ்வழியில் வந்ததே எங்கள் வண்டியும்.

அது விரைந்து ஓடும் வண்டியன்று. ஒற்றைச் சிலிண்டர், 496 சி.சி.; ஆற்றலோ 13 குதிரைத் திறன் அளவே. வால்வுகள் சிலிண்டரின் தலைமேல் இராமல் பக்கத்தில் நிற்கும். மட்டமான பெட்ரோலையும் குடித்துப் பொறுமையாக உழைக்கும். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. இருக்கைக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்குகளே ஓட்டுபவரின் முதுகைக் காக்க வேண்டும். கியர் வலக்காலில், பிரேக்கு இடக்காலில். இக்காலத்து இளைஞர் ஏறி அமர்ந்தால் பிரேக்கென்று எண்ணிக் கியரை மிதிப்பர்.

நம் கரக்பூரில் நீராவி எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஐயா ஒருவர் அதை வைத்திருந்தார். அவர் 2017இல் காலமானார். இரண்டாண்டு கழித்து, அவர் துணைவியாரான பெரியம்மா எங்களை அழைத்தார். "தம்பி, பழைய இரும்புக்காரன் 9,000 ரூபாய் தருகிறேன் என்கிறான். உருக்கப் போகிற கைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் எழுதி 30,000 ரூபாய் கொடுத்தோம். இரும்புக்காரனைவிட மும்மடங்குக்கு மேல் கொடுத்தோமே என்ற பெருமிதத்துடன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். அப்பெருமிதத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

முதல் பாடம் காகிதம். டிரைவர் ஐயாவின் டிரங்குப் பெட்டியில் பதிவுப் புத்தகம் பத்திரமாக இருந்தது. உரிமையாளர் இறந்தபின் வண்டி முதலில் வாரிசின் பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31. அதன் பின்னரே விற்பனைக்குரிய 29, 30 ஆகிய படிவங்கள். எஞ்சினிலும் சட்டத்திலும் பொறித்த எண்கள் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஒத்திருந்தன. எண்ணுக்கு முன்னே 'டபிள்யூ.எம். 20' என்று இருந்தது. போர்க்காலத்து வண்டி என்பதற்கு அதுவே அடையாளம்.

இரண்டாம் பாடம் ஸ்பேனர். நம்மிடமுள்ள மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு, முதல் நாளே ஒரு நட்டின் முனைகளை மழுக்கிவிட்டோம். ஆங்கிலேயரின் விட்வொர்த் அளவே வேறு. ஸ்பேனரில் கால் அங்குலம் என்று பொறித்திருந்தால் அது ஸ்பேனர் வாயின் அகலமன்று; அந்த நட்டு மாட்டும் போல்ட்டின் பருமன். கல்கத்தா மல்லிக் பஜாரில் பழைய விட்வொர்த் ஸ்பேனர் தொகுதி ஒன்று கிடைக்கும் வரை கை கட்டி இருந்தோம்.

மூன்றாம் பாடம் பொறுமை. பிஸ்டன் சிலிண்டருக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தது. மகள் உதைத்துப் பார்க்கலாம் என்றாள். பிட்டர் நண்பர் தடுத்துவிட்டார். பிளக்கு ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி, பின்சக்கரத்தை நாள்தோறும் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். பதினோராம் நாள் அசைந்தது! பின்னர்ச் சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைத் தேட ஆறு மாதம் ஆயிற்று. கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் மகள் சீட்டெழுதிக் கட்டினாள். அந்தச் சீட்டுகள் இல்லையேல் வண்டி இன்றும் கூடையில்தான் இருந்திருக்கும்.

மாக்னெட்டோ என்பது பாட்டரியின் துணையின்றித் தானே தீப்பொறி பிறப்பிக்கும் கருவி. குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பொறி தரும், சூடேறினால் மௌனமாகிவிடும். கல்கத்தாவில் ஒரு முதியவர் அதன் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றித் தந்தார். இவ்வாறு இரண்டாண்டு ஏழு மாதமும், 85,000 ரூபாயும் செலவாயின. தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி, வால்வைத் தூக்கும் நெம்பைப் பிடித்து, பிஸ்டனை மேல்முனை கடத்தி, மகள் எண்ண, நண்பர் உதைத்தார். நான்காம் உதையில் வண்டி பேசிற்று.

ஓடத் தொடங்கிய சில நாளில் வெளியூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பழைய வண்டிகளைச் சேர்ப்பவர். எண்களைப் பார்த்தார், பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். "நீங்கள் கை வைக்கும் முன்பே, துருவோடு கிடந்த நிலையிலேயே, ஒன்றரை இலட்சம் கொடுத்திருப்பேனே" என்றார்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் இல்லை. நண்பர் சொன்னார்: "இருவரும் ஒப்பிச் செய்த விற்பனை, நமக்கும் அப்போது விலை தெரியாது, உழைப்பு நம்முடையது." அதில் பொய் இல்லை. மகள் ஒன்றே கேட்டாள்: "பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தால் முப்பதாயிரத்துக்குக் கொடுத்திருப்பார்களா?" அதற்கு விடை சொல்ல எங்களால் இயலவில்லை. ஒளிக்காமல் சொல்கிறோம்: மூன்று மாதம் வாளாவிருந்தோம். அம்மூன்று மாதமும் வண்டியைத் தொடவும் மனம் வரவில்லை. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதியில் வாணிகரைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற குறள், அதன் விலையைக் கேட்டு வந்து நின்றது.

ஒரு ஞாயிறன்று மூவரும் சென்று உண்மையைச் சொன்னோம். செலவைக் கொடுத்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அல்லது மீதி விலையை நாங்கள் தவணையில் தருவோம் என்றோம். பெரியம்மா சிரித்தார். "வண்டியை வைத்து நான் என்ன செய்வேன், தம்பி? கொடுத்ததே போதும்" என்றார். நாங்கள் விடவில்லை. வெளியூரிலிருக்கும் மகனிடம் கேட்டுச் சொல்லும்படி வேண்டினோம். இறுதியில் மாதம் 3,000 ரூபாயாக 40 தவணை என்று முடிவாயிற்று; நண்பர் பாதி, நாங்கள் பாதி. இதுவரை 22 தவணை செலுத்தியுள்ளோம். ஒவ்வொன்றுக்கும் இரசீது இருக்கிறது. குமாஸ்தா புத்தி மாறாதல்லவா!

இளைஞர்களே! நம் வீட்டுப் பின்கட்டுகளில் இத்தகைய வண்டிகள் இன்னும் சில கிடக்கலாம். வாங்குக, புதுப்பித்து ஓட்டுக. முதற்பதிவாகி ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் மத்திய அரசு விதி வகுத்துள்ளது. முன்பே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டத்தையும் எஞ்சினையும் மாற்றியமைத்திருத்தல் ஆகாது. நாள்தோறும் அலுவலகம் செல்லவும் அவ்வண்டி ஆகாது. ஆதலின், புதிதாக்குகிறோம் என்று உள்ளதை எறிந்துவிடாதீர். டிரைவர் ஐயா தம் கையால் பூசிய கறுப்புச் சாயத்துக்கு அடியில் படையின் பச்சை இருந்தது. பச்சையாக்கினால் விலை கூடும் என்றனர். நாங்கள் ஐயாவின் கறுப்பையே விட்டுவிட்டோம்.

விற்பவர் முதியவராகவோ, துணையிழந்தவராகவோ இருப்பின், அப்பொருளின் விலையை முதலில் நீங்கள் விசாரித்து, அவருக்கும் சொல்லிவிட்டுப் பேரம் பேசுக. பின்னர்ச் சொல்வது மிகக் கடினம். எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

வண்டி மண்டபத்தின் வாயிலில் நிற்கிறது. விரும்புவோர் பார்க்கலாம். பெரியம்மாவும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வண்டியின் குறை நிறைகளை எங்களைவிட நன்கறிந்தவர் அவர். குழந்தைகள் மட்டும் சைலன்சரைத் தொட வேண்டா; இப்போதுதான் ஓட்டி வந்தோம், சூடு ஆறவில்லை.