கறவை ஆட்டுக்கும் ஓய்வு வேண்டும்



பஞ்சாபில் குடியேறிய புதிதில் நாங்கள் ஒரு பீட்டல் ஆடு வாங்கினோம். தமிழ்நாட்டில் வெள்ளாட்டைப் பெரும்பாலும் இறைச்சிக்காகவே வளர்க்கக் கண்டிருந்த எங்களுக்கு, நாள்தோறும் இரண்டு லிட்டர் பால் தரும் ஆடு பெரு வியப்பாயிருந்தது. சினையுற்ற பின்னும் அது சுரந்துகொண்டேயிருந்தது, நாங்களும் கறந்துகொண்டேயிருந்தோம். ஈனுவதற்கு முந்தைய வாரம் வரையில் விடவில்லை. பிறந்த குட்டிகள் இரண்டும் மெலிந்திருந்தன. சீம்பாலும் மிகக் குறைவு. ஒரு குட்டி மூன்றாம் நாள் இறந்தது. அந்த ஈற்றில் தாயும் முன்போல் கறக்கவில்லை.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். கருவிலுள்ள குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஏழெட்டு வாரங்களிலேதான் கூடுகிறது. மடி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் சீம்பால் திரள்வதும் அக்காலத்திலேயே. ஆதலின், ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே பாலை வற்றச் செய்துவிட வேண்டும். ஜூன் 1ஆம் தேதி கிடாவுடன் சேர்ந்த ஆடு அக்டோபர் 29ஐ ஒட்டி ஈனும்; அதனை ஆகஸ்டு இறுதியோடு கறப்பதை நிறுத்துவது முறை. கிடா சேர்ந்த நாளைக் குறித்துவைப்பது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

குறைவாகக் கறக்கும் ஆடு எளிதில் வற்றிவிடும். மிகுதியாகக் கறக்கும் ஆட்டுக்கே பக்குவம் வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தானியத்தையும் பிண்ணாக்கையும் படிப்படியாகக் குறைத்து, உலர்ந்த புல்லை மிகுதியாகக் கொடுக்கலாம். தண்ணீரைக் குறைக்கலாகாது. பால் குறைந்ததும், ஒரு நாள் மடியை முற்றக் கறந்து, காம்புகளை அயோடின் மருந்தில் தோய்த்து, அத்துடன் கறவையை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த சில நாள் மடி விம்மி நிற்கும். பார்க்க மனம் பொறாது. சிறிது கறந்துவிட்டால் என்ன என்று கை நீளும். அந்த விம்மலே சுரப்பை அடக்குவது. கறந்தால் மீண்டும் சுரக்கும். தேங்கிய பாலை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஆயினும் மடியில் சூடு, சிவப்பு, வலி, ஒருபுற வீக்கம் ஆகியவை தோன்றினாலும், ஆடு தீவனத்தை மறுத்தாலும், மடிநோய் என ஐயுற்று உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். காம்பின் வழியே செலுத்தும் மருந்தையும் அவர் சொற்படியே பயன்படுத்துதல் நலம்.

மடி சுருங்கியதும் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிவர வேண்டும். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டைக் கடைசி மாதத்தில் அரைவயிறாக வைத்தால் அதன் உயிருக்கே இடர் நேரும்.

மறு ஆண்டு இம்முறையைக் கைக்கொண்டோம். இரண்டு மாதம் காப்பிக்குக் கடைப்பாலையே வாங்கினோம். அவ்வாண்டு பிறந்த குட்டிகள் இரண்டும் ஒருமணி நேரத்துக்குள் எழுந்து நின்று, தாயின் மடியைத் தாமே தேடிச் சென்றன.